குடல் கோளாறுகளும் மூலிகைச் சாறுகளும்: எது உதவும், எது உதவாது?

இடம்பெயர்ந்த குடும்பங்களைச் சந்திக்கும் இடங்களில் எல்லாம் நாம் அடிக்கடி கேட்கும் முறைப்பாடு வயிற்றைப் பற்றியதாகும். ஒருவருக்குச் சாப்பிட்டவுடன் வயிறு ஊதுகின்றது. மற்றொருவருக்கு நான்கு நாட்களுக்கு ஒரு முறைதான் மலம் கழிகின்றது. இன்னொருவருக்குக் காலையில் வேலைக்குப் புறப்படுமுன் மூன்று முறை ஓட வேண்டியிருக்கின்றது. வேறு சிலருக்கு மலத்தோடு இரத்தமும் சளியும் போகின்றன. இவை அனைத்தையும் 'கேஸ்ட்ரைட்டிஸ்' என்ற ஒரே பெயரால் அழைத்து, ஒரே போத்தல் மருந்தால் தீர்க்கப் பார்ப்பது எம்மிடையே வழக்கமாகிவிட்டது.

இந்த வழக்கத்தை நம்பி, சம்பள நாளை அடுத்து லயன்களுக்கும் தற்காலிகக் கொட்டில்களுக்கும் மூலிகைச் சாறு, மூலிகைக் குளிசை என்று விற்க வருகின்றவர்களும் உண்டு. 'முழுவதும் இயற்கை, பக்கவிளைவு இல்லை, ஆஸ்பத்திரி மருந்தை நிறுத்திவிடலாம்' என்பது அவர்கள் சொல்லும் வழமையான வார்த்தை. பல நாட்களின் கூலி ஒரு போத்தலுக்குப் போய்விடுகின்றது. அதைவிடப் பெரிய இழப்பு, நிறுத்தக்கூடாத மருந்து நின்றுபோவதாகும்.

மூலிகைகள் பயனற்றவை என்று நாம் சொல்ல வரவில்லை. சில மூலிகைச் சாறுகள் சில குடல் கோளாறுகளுக்கு உதவுகின்றன என்பது முறையான பரிசோதனைகளில் தெரிய வந்துள்ளது. ஆனால் எந்த மூலிகை, எந்தக் கோளாறுக்கு, எவ்வளவு என்ற மூன்றும் பொருந்தினால்தான் பயன் உண்டு. அதை எளிமையாக விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இரு வகைக் கோளாறுகள்

குடல் கோளாறுகளை முதலில் இரண்டாகப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

முதலாவது, குடலின் அசைவு சார்ந்தது. நாம் விழுங்கும் உணவைக் குடல் தசைகள் அலை அலையாகச் சுருங்கி விரிந்து கீழ் நோக்கித் தள்ளுகின்றன. இந்த அசைவு வேகமானால் வயிற்றோட்டம், மந்தமானால் மலச்சிக்கல், ஒழுங்கு குலைந்தால் வலி, ஊதல், மாறி மாறி வரும் மலச்சிக்கலும் வயிற்றோட்டமும். குடலின் உள்ளே பார்த்தால் புண்ணோ காயமோ இராது. இதனை 'எரிச்சல் குடல்' நோய் என்பர். துன்பம் தரும்; ஆனால் உயிருக்கு ஆபத்தில்லை.

இரண்டாவது, குடலின் அழற்சி. இங்கே குடலின் உட்சுவர் சிவந்து, வீங்கி, புண்ணாகின்றது. கிருமிகளால் வரும் அழற்சி பெரும்பாலும் சில நாட்களில் ஆறிவிடும். ஆனால் உடலின் எதிர்ப்புச் சக்தியே குடலைத் தாக்குவதால் வரும் நீண்டகால அழற்சியும் உண்டு. பெருங்குடலில் வரும் புண் அழற்சி, குடலின் எப்பகுதியிலும் வரக்கூடிய குரோன் நோய் ஆகிய இரண்டும் இவ்வகையின. கொழும்பு, கம்பஹா மாவட்டங்களில் நடத்தப்பட்டு 2010 இல் வெளியான ஆய்வின்படி, பெருங்குடல் புண் அழற்சி 100,000 பேரில் ஏறக்குறைய 5 பேருக்கும், குரோன் நோய் ஒருவருக்கும் இருந்தது. எண்ணிக்கை குறைவுதான். எனினும் மருந்தின்றி விட்டால் இரத்தப்போக்கு, இரத்தச்சோகை, குடலில் அடைப்பு, நெடுங்காலத்தில் புற்றுநோய் என்று போய்விடக்கூடிய நோய்கள் இவை.

வெளியிலிருந்து பார்க்கும்போது இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். ஆகவேதான் மூலிகையைத் தேடுமுன் எந்த வகை என்பதை வைத்தியரிடம் அறிந்துகொள்ள வேண்டும் என்கின்றோம்.

இடம்பெயர்வும் வயிறும்

2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயன்களை மூடியதை எம்மவர் மறக்கவில்லை. தப்பியவர்கள் பாடசாலைகளிலும் தேயிலைத் தொழிற்சாலையிலும் தங்கியிருந்து, 2016 இல்தான் மக்கல்தெனியவில் கட்டப்பட்ட வீடுகளுக்குச் சென்றனர். 2025 நவம்பர் இறுதியில் வீசிய டித்வா புயலின்போது பதுளை மாவட்டத்தில் மீண்டும் பல இடங்களில் மண் சரிந்தது; மீண்டும் பல குடும்பங்கள் வீட்டையும் தோட்டத்தையும் விட்டு வெளியேறின.

இத்தகைய வேளைகளில் வயிறு கெடுவதற்குக் காரணங்கள் பல. நீர் சுத்தமில்லை. மலசலகூடத்திற்கு வரிசை; பெண்களும் பிள்ளைகளும் அடக்கிக்கொள்கின்றனர்; அடக்கினால் மலம் இறுகுகின்றது. கீரையும் மரக்கறியும் பறித்த கொல்லை இப்போது இல்லை. நிவாரணமாகக் கிடைக்கும் கோதுமை மாவும் அரிசியும் பருப்புமே உணவு.

இவற்றோடு மனத்துயரமும் சேர்கின்றது. குடலின் சுவரில் 10 கோடிக்கும் அதிகமான நரம்புக் கலங்கள் இருக்கின்றன. அவை மூளையுடன் ஓயாமல் பேசிக்கொண்டிருப்பவை. பயமும் துக்கமும் குடலின் அசைவை மாற்றுகின்றன. 'நினைத்தாலே வயிறு கலங்குகிறது' என்று நாம் சொல்வது வெறும் பேச்சல்ல. இலங்கைப் பாடசாலைப் பிள்ளைகள் 2,699 பேரிடம் நடத்தப்பட்டு 2012 இல் வெளிவந்த ஆய்வில், போரால் பாதிக்கப்பட்ட பகுதிகளில் 18.1 வீதமானோருக்கும், ஏனைய பகுதிகளில் 13.7 வீதமானோருக்கும் மலச்சிக்கல் இருந்தது. எனவே இடம்பெயர்ந்த ஒருவரின் வயிற்று வலியை 'பாசாங்கு' என்று எவரும் தள்ளிவிடக்கூடாது.

சாறு என்றால் என்ன?

கஷாயம் என்பது மூலிகையை நீரில் அவித்து வடிப்பது. சாறெடுத்தல் அதற்கு அடுத்த படி. உலர்ந்த மூலிகையை இடித்து, நீரிலோ மதுசாரத்திலோ ஊறவைத்து, அதன் சத்தை இறக்கி, பின்னர் திரவத்தை ஆவியாக்கிவிட்டால் எஞ்சுவது செறிந்த சாறு. 10 கிலோ மூலிகையிலிருந்து 1 கிலோ சாறு கிடைத்தால் அதனை 10:1 என்று லேபலில் குறிப்பர்.

இதில் இரு விடயங்களைக் கவனிக்க வேண்டும். ஒன்று, சமையலில் சேர்க்கும் அளவில் கிடைக்காத பலன் செறிந்த சாற்றில் கிடைக்கலாம். மற்றது, சமையலில் இல்லாத ஆபத்தும் அதே காரணத்தால் வரலாம். மஞ்சள் இதற்கு நல்ல உதாரணமாகும்.

மஞ்சள்

மஞ்சளின் நிறத்திற்குக் காரணமான குர்குமின் என்ற பொருள் அழற்சியைத் தணிக்கும் தன்மை உடையது. ஜப்பானில் நடத்தப்பட்டு 2006 இல் வெளியான ஒரு பரிசோதனையில், பெருங்குடல் புண் அழற்சி தணிந்திருந்த 89 நோயாளிகள் சேர்க்கப்பட்டனர். அனைவரும் வழமையான ஆஸ்பத்திரி மருந்தைத் தொடர்ந்து எடுத்தனர். ஒரு பகுதியினருக்கு அதனுடன் நாளொன்றுக்கு 2 கிராம் குர்குமினும், மற்றப் பகுதியினருக்கு அதேபோன்ற வெற்றுக் குளிசையும் கொடுக்கப்பட்டன. ஆறு மாதத்தில் குர்குமின் எடுத்த 43 பேரில் 2 பேருக்கும், வெற்றுக் குளிசை எடுத்த 39 பேரில் 8 பேருக்கும் நோய் திரும்பியது.

நல்ல செய்திதான். ஆனால் இதனைச் சரியாகப் படிக்க வேண்டும். குர்குமின் எடுத்தவர்கள் ஆஸ்பத்திரி மருந்தை நிறுத்தவில்லை. அதனுடன் சேர்த்தே எடுத்தனர். அடுத்து, மஞ்சள் தூளில் குர்குமின் ஏறக்குறைய 3 வீதமே உண்டு. 2 கிராம் குர்குமினுக்கு 65 கிராமுக்கு மேல் மஞ்சள் தூள் வேண்டும். அதாவது நாளொன்றுக்கு இருபது தேக்கரண்டிக்கு மேல். எந்தக் கறியிலும் அவ்வளவு போட முடியாது. ஆகவே பாலில் மஞ்சள் கலந்து குடித்தால் குடல் புண் ஆறிவிடும் என்பது கணக்குக்கு ஒத்துவராத பேச்சாகும்.

செறிந்த குர்குமின் குளிசைகளிலும் எச்சரிக்கை தேவை. அவற்றை எடுத்த சிலருக்கு ஈரல் பாதிக்கப்பட்டு மஞ்சட்காமாலை வந்தமை 2019 இல் இத்தாலியில் பதிவாயிற்று. 2023 இல் அவுஸ்திரேலிய மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனமும் இதுபற்றி எச்சரித்தது. உடலில் நன்றாகச் சேர்வதற்காக மிளகின் சத்தைக் கலந்த குளிசைகளில் இந்த ஆபத்துக் கூடுதலாக இருக்கலாம்.

தூளிலும் கலப்படம் உண்டு. 2019 டிசம்பரில் மஞ்சள் இறக்குமதி தடைசெய்யப்பட்ட பின், 2020 இல் எமது நாட்டில் ஏற்பட்ட தட்டுப்பாட்டின்போது மா கலந்த மஞ்சள் தூள் சந்தைக்கு வந்தது. பங்களாதேசத்தில் நிறத்திற்காக ஈயம் சேர்ந்த சாயம் கலக்கப்பட்டமை 2019 இல் வெளியான ஆய்வில் தெரிந்தது. கிழங்காக வாங்கி நாமே இடிப்பது நல்லது.

வில்வம் என்னும் பெலி

ஊவாவின் தாழ்ந்த பகுதிகளான பிபிலை, மொனராகலை, மஹியங்கனைப் பக்கங்களில் வளரும் பெலி மரம் எல்லோரும் அறிந்தது. அதன் காய்க்கும் பழத்திற்கும் எதிரான குணங்கள். நன்றாகப் பழுத்த பழம் மலத்தை இளக்கும். முற்றாத காயை வெட்டி உலர்த்தியது வயிற்றோட்டத்தைக் கட்டும். அதில் துவர்ப்புச் சத்து அதிகம். மலச்சிக்கல் உள்ளவருக்கு உலர்ந்த காயைக் கொடுத்தால் நிலைமை மோசமாகும்.

காய்க் கஷாயம் வயிற்றோட்டத்தை எவ்வாறு தணிக்கின்றது என்பதை மும்பாயில் ஆராய்ந்து 2009 இல் வெளியிட்டனர். கிருமிகளைக் கொல்லும் சக்தி அதில் குறைவு. ஆனால் அவை குடற்சுவரில் ஒட்டுவதையும், சில கிருமிகள் நஞ்சை உண்டாக்குவதையும் அது தடுத்தது. இது ஆய்வுகூடத்தில் கண்டது.

மனிதரில் நடந்த பரிசோதனையும் உண்டு. 1989 இல் இந்தியாவில் வெளியான ஆய்வில், எரிச்சல் குடல் நோயுள்ள 169 பேருக்கு மூன்று வித சிகிச்சைகள் கொடுக்கப்பட்டன. வில்வமும் நீர்ப்பிரமியும் சேர்ந்த ஆயுர்வேத மருந்தால் 64.9 வீதமானோரும், அக்காலத்து ஆங்கில மருந்தால் 78.3 வீதமானோரும், வெற்று மருந்தால் 32.7 வீதமானோரும் குணம் கண்டனர். வில்வ மருந்து உண்மையாகவே உதவியது. ஆனால் ஆறு மாதங்களுக்கு மேல் கவனித்தபோது, நோய் மீண்டும் வருவதை இரண்டு மருந்துகளுமே தடுக்கவில்லை. நீர்ப்பிரமி வேறு, எமது வல்லாரை வேறு என்பதையும் இங்கு நினைவுபடுத்துகின்றோம்.

உலர்ந்த பெலிப் பூவை அவித்துக் குடிக்கும் பெலிமல் நல்ல பானம். சாப்பாட்டோடு சாயத் தேநீர் குடித்தால் உணவிலுள்ள இரும்புச்சத்து உடலில் சேர்வது குறையும். ஆகவே தேநீரைச் சாப்பாட்டிலிருந்து ஒரு மணித்தியாலம் தள்ளிவைத்துக் குடிப்பது நன்று. ஆனால் பெலிமல்லை நோய் தீர்க்கும் மருந்தென்று எண்ண வேண்டாம்.

இஞ்சி, புதினா, இசப்கோல்

இஞ்சி இரைப்பை வெறுமையாவதை விரைவுபடுத்துகின்றது, குமட்டலைக் குறைக்கின்றது. சாப்பிட்டபின் நெஞ்சடைப்பது போன்ற பாரம் உள்ளவர்களுக்குச் சிறு துண்டு இஞ்சி உதவலாம். ஆனால் எரிச்சல் குடலுக்கு அது உதவுமா என்று 45 பேரில் பரிசோதித்து 2014 இல் வெளியிட்டபோது, வெற்றுக் குளிசையை விட இஞ்சி சிறந்ததாகக் காணப்படவில்லை. ஒரு கோளாறுக்கு நல்லது இன்னொன்றுக்கும் நல்லது என்று கொள்ள முடியாது.

மிளகுப் புதினா எண்ணெயிலுள்ள மென்தோல், குடல் தசையின் இறுக்கத்தைத் தளர்த்துகின்றது. எரிச்சல் குடலின் வலிக்கு இது உதவுவதைப் பல பரிசோதனைகள் காட்டியுள்ளன. இரைப்பையில் கரையாமல் குடலுக்குப் போய்க் கரையும் உறையிட்ட குளிசையாகவே அதனைக் கொடுப்பர். வெறும் எண்ணெயைக் குடித்தால் நெஞ்செரிவு கூடும். கொல்லையில் நாம் வளர்க்கும் மிஞ்சி இலை வேறு இனம். சம்பலுக்கும் தேநீருக்கும் நன்று, அந்தக் குளிசைக்கு ஈடாகாது.

மருந்துக்கடையில் கிடைக்கும் இசப்கோல் உமி நாம் கூடுதலாகப் பரிந்துரைக்கக்கூடியது. அது நீரை உறிஞ்சிப் பசைபோலாகி, இறுகிய மலத்தை இளக்குகின்றது. தண்ணீராகப் போகும் மலத்தைத் திரளச் செய்கின்றது. நெதர்லாந்தில் 275 நோயாளிகளுக்கு நாளொன்றுக்கு 10 கிராம் இசப்கோல், தவிடு, வெறும் அரிசிமா என மூன்றில் ஒன்றைக் கொடுத்து 12 வாரம் கவனித்தனர். 2009 இல் வெளியான முடிவின்படி இசப்கோல் உதவியது. தவிடு எடுத்த பலருக்குத் தொல்லை கூடியது. ஒரு தேக்கரண்டியில் தொடங்கி மெதுவாகக் கூட்ட வேண்டும். ஒவ்வொரு முறையும் ஒரு பெரிய குவளை தண்ணீர் அவசியம்; தண்ணீரின்றி விழுங்கினால் தொண்டையிலோ குடலிலோ அடைத்துக்கொள்ளும். குடல் ஒடுங்கியவர்கள் எடுக்கவே கூடாது.

கவனமாக இருக்க வேண்டியவை

'இயற்கை' என்ற சொல் பாதுகாப்புக்குச் சான்றல்ல. நிலாவரை சேர்ந்த பேதிச் சூரணங்களை வைத்தியர் சொல்லாமல் மாதக்கணக்கில் எடுத்தால் உடலிலிருந்து உப்புச்சத்துக்கள் வெளியேறும். பேதி மருந்தின்றி மலம் கழியாது என்ற பழக்கமும் வந்துவிடும். அதிமதுரத்தை அதிகம் எடுத்தால் இரத்த அழுத்தம் உயரும். இரத்தம் உறையாதிருக்க மருந்தெடுப்பவர்கள், கர்ப்பிணிகள், பித்தப்பைக் கல் உள்ளவர்கள், ஈரல் நோயாளர்கள் செறிந்த சாறு எதையும் வைத்தியரைக் கேளாமல் தொடக்கூடாது.

கூடை சுமந்த முதுகு வலிக்காகக் கடைகளில் வாங்கி வெறும் வயிற்றில் போடும் வலிக்குளிசைகளே பலருக்கு இரைப்பைப் புண்ணை உண்டாக்குகின்றன. அந்தக் குளிசையை நிறுத்தாமல் மேலே மூலிகைச் சாறு ஊற்றுவதால் பயனில்லை.

வாங்குமுன் பார்க்க வேண்டியவை

எந்தச் செடி, அதன் எந்தப் பகுதி, எத்தனை மில்லிகிராம் என்று லேபலில் எழுதப்பட்டுள்ளதா? தயாரித்தவரின் முகவரி, தயாரித்த திகதி, காலாவதித் திகதி உண்டா? அனுமதி இலக்கம் உண்டா? ஆயுர்வேத மருந்துகள் 1961 ஆம் ஆண்டின் 31 ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டத்தின் கீழும், மருந்துக்கும் உணவுக்கும் இடைப்பட்ட பொருட்கள் 2015 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகார சபையின் கீழும் வருகின்றன. சர்க்கரை நோய், மூட்டுவலி, புற்றுநோய், குடல் புண் எல்லாவற்றையும் ஒரே போத்தல் தீர்க்கும் என்றால் வாங்காதிருங்கள். ஆஸ்பத்திரி மருந்தை நிறுத்தச் சொன்னால் அவ்விடத்திலேயே பேச்சை முடித்துவிடுங்கள்.

நீண்டகாலக் குடல் அழற்சிக்குக் குளிசை எடுப்பவர்கள் இடம்பெயரும்போது கிளினிக் கொப்பியைத் தேசிய அடையாள அட்டையோடு பொலித்தீனில் சுற்றி எடுத்துச் செல்ல வேண்டும். கொப்பி மண்ணோடு போய்விட்டாலும் தயங்க வேண்டாம். மருந்தின் பெயரையாவது, குளிசையின் வெற்று அட்டையையாவது காட்டி, பக்கத்து அரசாங்க ஆஸ்பத்திரியில் மீண்டும் பதிந்துகொள்ளலாம். நோய் தணிந்திருக்கும்போதும் மருந்து தொடர வேண்டும். நின்றால் நோய் திரும்பும்.

பிள்ளைகளின் வயிற்றோட்டம்

இதற்கு மூலிகைச் சாறு முதல் மருந்தல்ல. நீரும் உப்புமே முதல் மருந்து. ஜீவனிப் பொதியை அதில் குறித்த அளவு கொதித்தாறிய நீரில் கரைத்துச் சிறிது சிறிதாகக் கொடுக்க வேண்டும். ஜீவனி கிடைக்காவிட்டால் 1 லீற்றர் கொதித்தாறிய நீரில் மட்டமாக 6 தேக்கரண்டி சீனியும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைக்கலாம். கரைத்ததை 24 மணித்தியாலத்தின் பின் ஊற்றிவிட வேண்டும். தாய்ப்பாலையும் வழமையான உணவையும் நிறுத்தக்கூடாது. கண் குழிவிழுந்தால், சிறுநீர் குறைந்தால், பிள்ளை சோர்ந்து குடிக்க மறுத்தால் தாமதிக்க வேண்டாம்.

உடனே வைத்தியசாலைக்கு

மலத்தில் இரத்தம், தார்போன்ற கறுப்பு மலம், காரணமின்றி உடல் மெலிதல், விடாத காய்ச்சல், இரவில் தூக்கத்தைக் கலைக்கும் வலி அல்லது வயிற்றோட்டம், விழுங்க முடியாமை, 45 வயதுக்குப் பின் புதிதாகத் தோன்றிய மாற்றம், பிள்ளை வளராமை ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் கஷாயத்தில் நாட்களைக் கழிக்கக்கூடாது. குடலில் வரும் காசநோயும் குரோன் நோய் போலவே தோன்றும். பரிசோதித்தே பிரித்தறிய முடியும். பதுளைப் பெரியாஸ்பத்திரியிலும் தியத்தலாவை ஆதார வைத்தியசாலையிலும் இதற்குக் கட்டணமில்லை. பஸ் செலவுதான். ஒரு போத்தல் சாற்றின் விலையோடு அதனை ஒப்பிட்டுப் பாருங்கள்.

கொல்லையில் செய்யக்கூடியது

புதிய இடத்தில் கிடைத்த நிலம் சிறிதாயினும் இஞ்சிக்கு ஒரு பழைய உரப்பை போதும். அடியில் துளையிட்டு, மண்ணும் மணலும் மக்கிய சாணமும் நிரப்பி, முளைவிட்ட கிழங்கை மழை தொடங்கும்போது நட்டால் 8 முதல் 10 மாதங்களில் கிண்டி எடுக்கலாம். நீர் தேங்கினால் அழுகும். 5 கிலோ பச்சை இஞ்சி உலர்ந்தால் சுமார் 1 கிலோ சுக்கு. மிஞ்சியும் வல்லாரையும் நிழலான ஈர மண்ணில் தாமாகப் படரும்.

மூலிகைகளை விற்பனைக்குப் பயிரிட எண்ணுவோர், ஹல்துமுல்லையிலும் கிராந்துருகோட்டையிலும் உள்ள ஆயுர்வேதத் திணைக்களத்தின் மூலிகைத் தோட்டங்களைப் பார்த்து, செடிகளைச் சரியாக இனங்கண்டு, வாங்குபவர் யார் என்பதை உறுதி செய்த பின்னரே தொடங்குவது நல்லது. காட்டில் கண்டதைப் பெயர் கேட்டுப் பறித்து அவிப்பது ஆபத்தானது.

பாட்டிமார் எமக்கு விட்டுச்சென்ற கைமருந்தை நாம் கைவிட வேண்டியதில்லை. ஊதலுக்கு இஞ்சி, இறுகலுக்கு இசப்கோல், சாதாரண வயிற்றோட்டத்திற்கு ஜீவனியோடு பெலிக்காய் என அதனதன் இடத்தில் அவை நிற்கட்டும். இரத்தம் கண்டால் வைத்தியசாலை. இந்த வேறுபாட்டைக் குடும்பத்தில் ஒருவராவது அறிந்திருந்தால், அடுத்த முறை போத்தலோடு வருபவரிடம் என்ன கேட்க வேண்டும் என்பதும் அந்தக் குடும்பத்திற்குத் தெரிந்திருக்கும்.